கொடுப்பவர்களின் தீவு: ஷிகோகு யாத்திரைக் குறிப்புகள்

முதல் நாள்: ரியோசென்ஜி முதல் அன்ராகுஜி வரை

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. அந்தத் தீவை முழுவதுமாகச் சுற்றிவரும் யாத்திரைப் பாதை ஒன்று உண்டு. நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; வழியில் 88 பௌத்தக் கோயில்கள். நடந்தே முழுச் சுற்றும் வர நாற்பது நாளுக்கு மேல் பிடிக்கும். இன்றைக்குப் பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும் சுற்றுகிறார்கள். நடப்பவர்கள் சிறுபான்மை. அவர்களிலும் பலர், கிடைக்கிற விடுமுறைக்கு ஏற்பப் பாதையைத் துண்டு போட்டுக்கொண்டு பல ஆண்டுகளில் முடிக்கிறார்கள். நான் சேர்ந்திருப்பது அப்படி நடக்கும் ஒரு சிறு குழுவில்.

குழுவை நடத்திச் செல்பவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். அவரை எல்லோரும் 'சென்தாத்சு' என்று அழைக்கிறார்கள். குறைந்தது நான்கு முறை முழுச் சுற்று வந்தவர்களுக்கே கோயில்களின் சங்கம் அந்தப் பட்டத்தை அளிக்கிறது. ஹிரோஷிமாவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், ஒசாகாவில் செவிலியராக வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர், இவர்களோடு நான். வெளிநாட்டவர் வேறு யாரும் இல்லை.

தொகுஷிமா நகரத்திலிருந்து சிறு ரயிலில் வந்து பாண்டோ நிலையத்தில் இறங்கினோம். முதல் உலகப் போரில் சீனாவின் சிங்தாவோவில் பிடிபட்ட ஜெர்மானிய வீரர்களை 1917 முதல் 1920 வரை இந்த ஊரில்தான் முகாமில் வைத்திருந்தார்கள். 1918 ஜூன் 1 அன்று அந்தக் கைதிகள் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை முழுமையாக வாசித்தார்கள். ஆசியாவில் அதுவே முதல் முறை. பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் பேக்கரி வேலையும் தோட்டக்கலையும் கற்றுக்கொண்டார்களாம். காலங்காலமாக அயலூர் யாத்திரிகர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்துப் பழகிய ஊர் கைதிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தது என்று சொல்வதுண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரியோசென்ஜி, முதல் கோயில். புத்தர் உபதேசம் செய்த ராஜகிருகத்துக் கழுகு மலையை நினைத்து வைத்த பெயர் இது. யாத்திரைக்கு வேண்டிய பொருள்களை இங்கேயே வாங்கலாம்: கையில்லாத வெள்ளை மேலாடை, கோரைத் தொப்பி, ஊன்றுகோல், மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, பெயர் எழுதித் தரும் சீட்டுக்கட்டு, கோயில்தோறும் முத்திரை வாங்கும் ஏடு.

வெள்ளை ஆடை சவத்துக்கு உடுத்துவது. ஒரு காலத்தில் வழியில் இறந்தவரை அங்கேயே புதைத்து, அவருடைய ஊன்றுகோலைத் தலைமாட்டில் நட்டுவிடுவார்கள். கோலின் தலைப்பகுதி நிலம், நீர், தீ, வளி, வெளி என்று ஐந்து அடுக்காகச் செதுக்கப்பட்டு ஒரு சிறு தூபியின் வடிவில் இருப்பது அதற்காகத்தான். அ, வ, ர, ஹ, க என்று ஐம்பூதங்களுக்குரிய எழுத்துகள் சித்தம் என்ற பழைய இந்திய வரிவடிவில் அதில் எழுதப்பட்டுள்ளன.

கோலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதுதான் கோபோ தாய்ஷி. இயற்பெயர் கூகாய். 774இல் இதே ஷிகோகுவில் பிறந்தவர். 804இல் கப்பலேறிச் சீனாவுக்குப் போய், மந்திர மார்க்க பௌத்தத்தைக் கற்று 806இல் திரும்பி, ஜப்பானில் ஷிங்கோன் மரபை நிறுவினார். 835இல் கோயா மலையில் அவர் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அடியவர்களின் நம்பிக்கை. யாத்திரிகருடைய தொப்பியிலும் மேலாடையிலும் 'இருவர் சேர்ந்து நடக்கிறோம்' என்று எழுதியிருக்கும். தனியாக நடப்பவரும் அதையே அணிகிறார். இரண்டாமவர் தாய்ஷி. நாம் பழநிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடந்தால், காத்திருக்கும் தெய்வத்தை நோக்கி நடக்கிறோம். இங்கே வணங்கப்படுபவர் கூடவே வருகிறார்.

வழிபாட்டு முறையைச் சென்தாத்சு பொறுமையாகக் கற்பித்தார். வாயிலில் குனிந்து வணங்க வேண்டும். கையையும் வாயையும் கழுவ வேண்டும். உள்ளே நுழையும்போது மணியை அடிக்கலாம்; வெளியேறும்போது அடிக்கவே கூடாது. மெழுகுவர்த்தியை அடுத்தவர் ஏற்றிய சுடரில் பற்றவைத்தால் அவருடைய வினையும் சேர்ந்து வரும் என்பதால் சொந்தமாகத் தீக்குச்சி கிழிக்க வேண்டும். மூன்று ஊதுவத்திகள், பெயர்ச் சீட்டு, காணிக்கை. பிறகு 262 எழுத்துகள் கொண்ட இதய சூத்திரத்தை எல்லோரும் சேர்ந்து ஓத வேண்டும். மூல மண்டபத்தில் ஒருமுறை, தாய்ஷியின் மண்டபத்தில் மறுமுறை. எல்லாம் முடிந்த பிறகுதான் முத்திரை அலுவலகம். சிவப்பு முத்திரை மேல் கறுப்பு மையில் தூரிகையால் அவர்கள் எழுதும் வேகத்தையும் அழகையும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு பக்கத்துக்கு 500 யென். மாலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். நடப்பவர்களின் நாள் முழுவதும் அந்த ஐந்து மணியைக் கணக்கிட்டே ஓடுகிறது.

இரண்டாம் கோயிலான கோகுராகுஜியில் தாய்ஷி நட்டதாகச் சொல்லப்படும் ஓங்கிய சேதார் என்ற ஊசியிலை மரம். மூன்றாவதான கொன்சென்ஜியில் ஒரு கிணறு. எட்டிப் பார்த்து முகம் தெளிவாகத் தெரிந்தால் 92 வயது வரை வாழலாம் என்கிறார்கள். ரயில்வேக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார்.

அங்கிருந்து நான்காம் கோயிலுக்குப் போகும் வழியில், வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் எங்களை நிறுத்தினார். முதுகு நன்றாக வளைந்திருந்தது. ஆளுக்கு இரண்டு பெரிய ஹஸ்ஸாக்கு ஆரஞ்சுப் பழங்களைக் கையில் வைத்து, எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். இதுதான் ஒசெத்தாய். யாத்திரிகருக்குத் தீவுக்காரர்கள் தரும் தானம்: பழம், தேநீர், சோற்று உருண்டை, சில்லறைக் காசு, காரில் ஏற்றிச் செல்லல், இரவு தங்க இடம், எதுவாகவும் இருக்கலாம். நம் வழக்கத்தில் யாராவது எதையாவது நீட்டினால் முதலில் 'வேண்டாம், பரவாயில்லை' என்பதுதான் நாகரிகம். இங்கே மறுக்கக் கூடாது என்று சென்தாத்சு காலையிலேயே சொல்லியிருந்தார். மறுத்தால் கொடுப்பவரின் புண்ணியத்தை நாம் தட்டிப் பறித்ததாகிவிடுமாம். அவர் நமக்குத் தருவதாக நினைப்பதில்லை. நம் கூட வரும் தாய்ஷிக்குத் தருகிறார். வாங்கிக்கொண்டு, மூன்று முறை தாய்ஷியின் பெயரைச் சொல்லி, நம் பெயர்ச் சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். மூதாட்டி என் சீட்டை இரு கைகளாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். இந்தச் சீட்டுகளை முன்பெல்லாம் வைக்கோல் பொதியில் சேர்த்து வீட்டுக் கூரையின் கீழ் தொங்கவிடுவார்களாம். தீயும் திருடும் அண்டாமல் காக்கும் என்று.

ஐந்தாவது ஜிசோஜி. அதன் பின்புறம் ஐந்நூறு அர்ஹத்துகளின் (ஞானம் பெற்ற புத்தரின் சீடர்கள்) மரச் சிலைகள் இருந்தன. 1915இல் தீயில் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சியவை இருநூறு அளவில் இருக்கின்றன. ஒவ்வொரு முகமும் வேறு. சிரிப்பவர், கோபிப்பவர், காதைச் சொறிபவர் போல் இருப்பவர். இறந்துபோன உறவினரின் சாயல் ஏதாவது ஒரு முகத்தில் கிடைக்கும் என்பார்கள். செவிலியர் பெண் ஒரு சிலையின் முன் நின்றுவிட்டாள். யாருடைய முகம் என்று நாங்கள் கேட்கவில்லை.

இரவுத் தங்கல் ஆறாவது கோயிலான அன்ராகுஜியில். 1598இல் அவா நாட்டு (இன்றைய தொகுஷிமா) தலைவர் ஹாச்சிசுகா இயேமாசா, யாத்திரிகர்கள் தங்குவதற்கென்று அறிவித்த கோயில்களுள் இதுவும் ஒன்று. இன்றும் அந்தப் பணி தொடர்கிறது. வந்தவுடன் முதலில் கோலின் அடியைக் கழுவி அறைக்குள் மரியாதையான இடத்தில் சாய்த்து வைக்க வேண்டும். நம் கால் அதற்குப் பிறகுதான். வெந்நீர் ஊற்றுக் குளியல், சாப்பாடு, மாலை வழிபாடு. சைவ உணவுக்காரர்கள் முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; காய்கறி ரசம் போலத் தோன்றுவதிலும் மீன் சாறு இருக்கும்.

வழிபாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் எந்தப் பக்கம் என்று சென்தாத்சு கேட்டார். தெற்கு, தமிழ்நாடு என்றேன். 'அப்படியானால் கொங்கோச்சி உங்கள் பக்கத்தவர் அல்லவா!' என்று அவர் முகம் மலர்ந்தது. ஷிங்கோன் மரபு வணங்கும் எட்டு ஆசான்களில் ஒருவர் வஜ்ரபோதி. அவரைத்தான் ஜப்பானில் கொங்கோச்சி என்கிறார்கள். தென்னிந்தியர், காஞ்சிப் பல்லவ அரசோடு தொடர்புடையவர், இலங்கை போய், அங்கிருந்து கடல்வழியாகச் சீனம் சேர்ந்து 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கற்பித்தவர். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர், அவர் மாணவர் ஹுய்குவோ, அவர் மாணவர் கூகாய். காஞ்சிபுரத்திலிருந்து இந்தப் பாய்விரித்த அறைக்கு மூன்றே கை மாற்றம். நம் பள்ளிக்கூடங்களில் அவர் பெயரைக்கூடச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

இரண்டாம் நாள்: ஜூராகுஜி முதல் புஜீதேரா வரை

காலையில் ஏழாவது கோயிலை முடித்துக்கொண்டு மேற்கே நடந்தோம். செர்ரி மலர்கள் உதிரத் தொடங்கிவிட்டன. ஹைக்கூ கவிதையில் யாத்திரிகரைக் குறிக்கும் சொல்லே வசந்தத்தின் அடையாளம்தான். உழவு தொடங்குவதற்கு முன்னுள்ள இந்தச் சில வாரங்கள்தான் கிராமத்தார்க்கு ஓய்வான காலம்.

எட்டாவது கோயிலான குமதானிஜியின் இரண்டு அடுக்கு வாயில் கோயிலை விட்டு விலகி, வயலுக்கு நடுவே தனியாக நிற்கிறது. 1687இல் கட்டியது. அதே ஆண்டில்தான் ஷின்னென் என்ற துறவி இந்த யாத்திரைக்கு முதல் வழிகாட்டி நூலை அச்சிட்டு வெளியிட்டார். எந்தக் கோயிலிலிருந்து எது எத்தனை தூரம், எங்கே ஆறு, யார் வீட்டில் தங்கலாம் என்று ஏழை எளியவர்களும் வைத்துக்கொண்டு நடக்கத்தக்க சிறு நூல். வழி தவறாதபடி இருநூறுக்கும் மேற்பட்ட கல் தூண்களையும் அவர் நட்டார். பிறகு வந்த நாகாத்சுகாசா மோஹெய் என்பவர் 1866இல் வீட்டை விட்டுக் கிளம்பியவர்; 1922இல் இறக்கும்வரை 280 சுற்று நடந்தார். அவரும் இருநூறுக்கு மேல் கற்கள் நட்டார். கையொன்று திசை காட்டும் அந்தக் கற்கள் இன்றும் மூலை முடுக்கெல்லாம் நிற்கின்றன. கைப்பேசியில் வரைபடம் இருந்தும் நாங்கள் கல்லைப் பார்த்தே திரும்பினோம்.

ஒன்பதாவது ஹோரின்ஜியில் மூலவர் சயனத்தில் இருக்கும் புத்தர். எண்பத்தெட்டிலும் இங்கு மட்டும்தான் இப்படி. நடக்க முடியாதவர் ஒருவர் இங்கே வேண்டிக் கால் குணமான கதையால், மண்டபத்தில் வைக்கோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இன்று நான் நீளமாக எழுத விரும்புவது பத்தாவது கோயிலான கிரிஹாத்தாஜியைப் பற்றி. வணிகர் தெரு போன்ற குறுகிய ஏற்றம் முடிந்ததும் 333 படிகள். மேலே ஆயிரங்கைக் கண்ணோன் (அவலோகிதேஸ்வரர்). கதை இது: மலையடிவாரத்தில் ஓர் ஏழைப் பெண் தறியில் நெய்துகொண்டிருந்தாள். கிழிந்த துறவாடையைத் தைக்க ஒரு துண்டுத் துணி கிடைக்குமா என்று தாய்ஷி வாசலில் நின்று கேட்டார். அவள் கந்தலைத் தேடவில்லை. தறியில் அப்போதுதான் நெய்து முடித்த புதுத் துணியைச் சட்டென்று வெட்டிக் கொடுத்தாள். அரசியல் சூழ்ச்சியில் தந்தை நாடு கடத்தப்பட, தாயோடு ஒளிந்து வளர்ந்தவள் அவள். தந்தைக்காகக் கண்ணோன் சிலை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். தாய்ஷி செதுக்கித் தந்து அவளுக்குத் தீட்சையும் அளித்தார். அவளே ஒளி வீசும் கண்ணோனாக மாறினாள் என்று கதை முடிகிறது. கோயிலில் கையில் கத்திரிக்கோலும் துணியுமாக அவளுக்கு ஒரு சிலை இருக்கிறது.

நெடுந்தூரம் நடந்தவருக்கு அல்ல, நடந்தவர் வாசலில் வந்து நின்றபோது தன்னிடமிருந்த நல்லதை எடுத்துக் கொடுத்தவளுக்கே இந்தக் கோயிலில் முக்தி கிடைத்தது. யாத்திரைத் தலம் ஒன்றின் மூலக் கதையிலேயே யாத்திரிகரல்லாதவர் நாயகியாக இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. படியிறங்கும்போது ஹிரோஷிமாத் தாயிடம் இதைச் சொன்னேன். அவர் பாட்டி எஹிமே மாநிலத்துக் கிராமத்தில் வாழ்ந்தவராம். வசந்தம் வந்தால் சிவப்புப் பயறு சேர்த்துச் சோறு ஆக்கி வாசலில் உட்கார்ந்துவிடுவார். யாத்திரிகர் வராத நாளில் வருத்தமாக இருப்பார். 'எங்களை விடப் பாட்டிதான் அதிகம் யாத்திரை செய்தவர்' என்றார்.

தீவுக்குள் மட்டும் இல்லை இந்த வழக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள வகாயாமாவின் அரிதா பகுதியிலிருந்து எடோ காலம் (1603–1868) முதலே தானக் குழுக்கள் வசந்தத்தில் கடல் கடந்து வந்து முதல் கோயிலில் யாத்திரிகருக்கு வழங்கி வந்திருக்கின்றன. கொடுப்பதற்காகவே ஒரு பயணம்!

மதியத்துக்கு மேல் யோஷினோ ஆற்றைக் கடந்தோம். 194 கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய ஆறு, வெள்ளத்துக்குப் பேர்போனது. நடுவில் ஜென்னியூஜி என்ற ஆற்றுத்தீவு. காய்கறி வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்திருக்கின்றன, வீடு ஒன்றுகூட இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளத் தடுப்புப் பணிக்காக இங்கிருந்த குடும்பங்கள் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்கள். தீவின் இரு பக்கமும் கைப்பிடிச் சுவரே இல்லாத தாழ்ந்த பாலங்கள். பெருவெள்ளத்தில் மூழ்கிவிடும், சுவர் இல்லாததால் அடித்துவரும் மரங்கள் சிக்காமல் மேலேயே ஓடிவிடும். ஆற்றோடு சண்டை போடாத பாலம்.

பாலத்தில் கால் வைத்ததும் எல்லோரும் கோலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டோம். தங்க இடம் கிடைக்காமல் தாய்ஷி ஒரு குளிர் இரவை எஹிமேயில் ஒரு பாலத்துக்கு அடியில் கழித்தார். எந்தப் பாலத்தின் கீழும் அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம், தட்டி எழுப்பாதே என்பது மரபு. காற்று பலமாக வீசியது. ஒரு கையில் தொப்பியையும் மறு கையில் கோலையும் பிடித்துக்கொண்டு, லாரி வரும்போது ஓரத்தில் ஒதுங்கி நின்று கடந்தோம்.

பதினொன்றாவது புஜீதேராவை எட்டியபோது முத்திரை அலுவலகம் சாத்த இன்னும் சிறிது நேரமே இருந்தது. பெயரிலேயே உள்ள விஸ்டீரியாக் கொடிகள் பந்தலில் மொட்டுவிட்டிருந்தன. பூக்க மாத இறுதி ஆகும். இது ஷிங்கோன் கோயில் இல்லை, ரின்சாய் ஜென் மரபைச் சேர்ந்தது. ஆனாலும் தாய்ஷிக்கு மண்டபம் உண்டு. கமோஜிமாவில் தங்குகிறோம். நாளை மலை. சீக்கிரம் படுக்கச் சொல்லி உத்தரவு.

மூன்றாம் நாள்: ஷோசான்ஜி மலை

மூல மண்டபத்தின் பின்னாலேயே பாதை தொடங்குகிறது. பன்னிரண்டாவது கோயிலான ஷோசான்ஜிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நேரான ஒரே ஏற்றமாக இருந்தால் நல்லது. இங்கே ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். யாத்திரிகரை உருட்டிவிடும் ஏற்றங்கள் என்றே பெயர். ஆறு ஏற்றங்கள், ஒவ்வொன்றிலும் ஆறில் எத்தனையாவது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைகள் ஆறுதலா அச்சுறுத்தலா என்பது அவரவர் முழங்காலைப் பொறுத்தது.

தொடக்கத்தில் மரங்களுக்கிடையே யோஷினோ சமவெளி தெரிந்தது. நேற்று நாள் முழுவதும் நடந்த தூரம் ஒரே பார்வையில் அடங்கியது. அதன்பின் காடு மூடிக்கொண்டது. நேராக உயர்ந்த சேதார், ஹினோக்கி மரங்கள். கீழே ஈரமான இலைச் சருகு. பாதையோரத்தில் பாசி படிந்த சிறு கற்கள் அடிக்கடி வந்தன. சில, பயணிகளைக் காக்கும் போதிசத்துவரான ஜிசோவின் உருவங்கள், சில வழியில் இறந்தவர்களின் கல்லறைகள். ஊர், மாண்ட ஆண்டு மட்டும் மங்கலாகப் பொறித்தவையும் உண்டு. தொழுநோய் கண்டதால் வீட்டை விட்டு அனுப்பப்பட்டு, இந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வாழ்ந்து இறந்தவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். ஊர் துரத்தியவர்களுக்கும் இந்தத் தீவில் ஏதோ ஒரு வாசலில் சோறு கிடைத்தது. பாதி வழியில் அவர்களை விரட்டிய வாசல்களும் இருந்திருக்கும். சென்தாத்சு அதையும் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு கல்லுக்கும் நின்று வணங்கிவிட்டு நடந்தார். அதனால் நேரம் கூடியது. யாரும் முணுமுணுக்கவில்லை.

ரியூசூயான் என்ற குடிலில் ஊற்றுத் தண்ணீர். தாய்ஷி வில்லோக் கிளையால் தரையைத் தட்டி வரவழைத்தது என்கிறார்கள். பல் கூசும் குளிர்ச்சி. பக்கத்து ஓய்வுக் குடிலில் ஒரு தகரப் பெட்டி; உள்ளே மிட்டாய்கள், 'யாத்திரிகர்களே, எடுத்துக்கொள்ளுங்கள்; கவனமாக நடங்கள்' என்று ஒரு தாள். இவ்வளவு மேலே யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியாது. பெட்டிக்குள் பெயர்ச் சீட்டுகள் கத்தையாக இருந்தன, நாங்களும் போட்டோம். மழையில் அரித்த இடங்களில் புதிதாக மரக்கட்டைப் படி பதித்திருந்ததையும் பார்த்தோம். அடிவார ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. அதுவும் ஒசெத்தாய்தான் என்று ரயில்வேக்காரர் சொன்னார். தண்டவாளப் பராமரிப்பில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஒவ்வொரு படியையும் கோலால் லேசாகத் தட்டிப் பார்த்து, 'நன்றாகச் செய்திருக்கிறார்கள்' என்றார்.

ஏறத்தாழ 745 மீட்டர் உயரத்தில் ஜோரென்-ஆன். மூச்சு வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி படி ஏறுகிறவர் நிமிர்ந்தால், படிகளின் உச்சியில் பேருருவமாகத் தாய்ஷியின் வெண்கலச் சிலை. பின்னால் கிளைகளை விரித்து நிற்கும் மாபெரும் சேதார். முதலில் ஏறிய செவிலியர் பெண் 'ஆ!' என்று குரலெழுப்பினாள். பின்னால் வந்த எங்கள் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அதே ஒலி.

பிறகு நேரே கீழே. ஏறிய உயரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு மலைக் கிராமத்தைத் தொட்டு, மறுபடியும் கடைசி ஏற்றம். அதுதான் கொடியது. யாரும் பேசவில்லை. முன்னால் போனவரின் மணியோசை மட்டும் வழிகாட்டியது.

ஷோசான்ஜி 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாயிலுக்கு முன் நூற்றாண்டுகள் கண்ட சேதார் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த மலையில் நெருப்பைக் கக்கி ஊரை வதைத்த ஒரு நாகம் வாழ்ந்ததாம். மலை முழுவதும் பற்றியெரிந்தபோது தாய்ஷி ஏறிவந்து தீயை அடக்கி, ஆகாசகர்ப போதிசத்துவரின் துணையால் நாகத்தைக் குகையில் அடைத்தார். மூலவர் அந்தப் போதிசத்துவர்தான். இதய சூத்திரம் ஓதத் தொடங்கியபோது ஹிரோஷிமாத் தாயின் குரல் உடைந்தது. மகள் அவரது வரிகளையும் சேர்த்து உரக்க ஓதினாள். 'கதே கதே பாரகதே' என்ற முடிவு வரிகளை மட்டும் நான் என் நாட்டு உச்சரிப்பில் சொன்னேன்.

நான்காம் நாள்: ஜோஷின்-ஆன் வழியாகத் தாய்நிசிஜி

ஷோசான்ஜியிலிருந்து கொஞ்சம் இறங்கினால் ஜோஷின்-ஆன். எண்பத்தெட்டுக் கணக்கில் இது வராது. முத்திரை வரிசையை மட்டும் பார்ப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படித் தாண்டக் கூடாத இடம். நின்றிருக்கும் தாய்ஷியும் அவர் காலடியில் மண்டியிட்ட ஒருவருமாகச் சிலைகள். பக்கத்தில் ஒரு கல்லறை. மண்டியிட்டவர் பெயர் எமொன் சாபுரோ.

இயோ நாட்டு (இன்றைய எஹிமே) செல்வந்தர் அவர், கருமி. வாசலுக்குப் பிச்சைக்கு வந்த துறவியை நாள்தோறும் விரட்டினார். ஒருநாள் அடித்ததில் துறவியின் திருவோடு எட்டுத் துண்டாக உடைந்தது. அதன்பின் அவருடைய எட்டுப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். வந்தவர் தாய்ஷி என்று புரிந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். இருபது முறை தீவைச் சுற்றியும் சந்திக்க முடியவில்லை. இருபத்தொன்றாவது முறை எதிர்த் திசையில் சுற்றினார். இந்த இடத்தில் தளர்ந்து விழுந்தார். அப்போது தாய்ஷி எதிரே வந்து நின்றார். மறுபிறவியில் நல்லது செய்யும் குடியில் பிறக்க வேண்டும் என்று கேட்டு அவர் கண்மூட, 'எமொன் சாபுரோ மறுபிறப்பு' என்று எழுதிய கல்லைத் தாய்ஷி அவர் கையில் வைத்தார். பின்னர் இயோ நாட்டுப் பிரபு வீட்டில் பிறந்த குழந்தை இடக்கையைத் திறக்கவே இல்லை; ஓதித் திறந்தபோது உள்ளே அந்தக் கல். மாத்சுயாமாவில் ஐம்பத்தொன்றாவது கோயிலான இஷிதேஜியில் அதை வைத்திருக்கிறார்கள். லீப் ஆண்டில் எதிர்த் திசையில் சுற்றினால் பலன் அதிகம் என்ற நம்பிக்கைக்கு வேர் இந்தக் கதை. யாத்திரையைத் தொடங்கிவைத்தவரே எமொன் சாபுரோ என்று நம்புகிறவர்களும் உண்டு.

கிரிஹாத்தாஜியின் பெண்ணையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு கதையிலும் தாய்ஷி கையை நீட்டியபடி ஒரு வாசலில் நிற்கிறார். சோதனை வீட்டுக்காரருக்கு. ஒருத்தி கொடுத்தாள், ஒருவர் அடித்து விரட்டினார். பிள்ளைப் பருவத்திலேயே இந்த இரண்டு கதைகளையும் கேட்டு வளர்ந்த ஒரு மூதாட்டிக்கு, வெள்ளாடையும் கோலுமாகத் தெருவில் வரும் ஒவ்வொருவரும் தாய்ஷியாக இருக்கக்கூடும். முதல் நாள் அந்த அம்மையார் எங்களைக் கைகூப்பியது ஏன் என்பது இங்கேதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. எண்பத்தெட்டுக் கோயில்களும் கல்லாலும் மரத்தாலும் ஆனவை. தீப்பிடித்திருக்கின்றன, போரில் அழிந்திருக்கின்றன, திரும்பக் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த யாத்திரையை அறுபடாமல் காப்பாற்றியவர்கள் ஒருமுறைகூட முழுச் சுற்று வராத இந்த வாசல்காரர்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

பிறகு நாள் முழுவதும் அகுய் ஆற்றங்கரையோடு இறக்கம். தண்ணீர் பச்சைப் பளிங்காக இருந்தது. மலைக் கிராமங்களில் பூட்டிய வீடுகள் அதிகம். பள்ளிக்கூடம் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. இளையவர்கள் ஒசாகாவுக்கும் தோக்கியோவுக்கும் போய்விட்டார்கள். கொடுக்கும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்று சென்தாத்சு கவலைப்பட்டார். எனக்கும் அந்தக் கவலை ஒட்டிக்கொண்டது. ஒரு வளைவில், சிறு டிரக்கை நிறுத்திய நடுவயதுக்காரர் ஒருவர் சன்னல் வழியாகக் குளிர்ந்த தேநீர்ப் புட்டிகளைத் தந்துவிட்டு, சீட்டை வாங்கவும் நேரமில்லாமல் கையசைத்துப் போய்விட்டார்.

பதின்மூன்றாவது தாய்நிசிஜிக்கு நான்கு மணி அளவில் வந்தோம். சாலைக்கு எதிர்ப்புறம் ஜப்பானின் பூர்விகச் சமயமான ஷிண்டோவின் இச்சிநோமியா ஆலயம். முன்பு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1868இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது அங்கிருந்த பதினொரு முகக் கண்ணோன் இங்கே கொண்டுவரப்பட்டது. கோயில் பெயரிலுள்ள 'தாய்நிசி' மகாவைரோசன புத்தரைக் குறிக்க, மூலவராகக் கண்ணோன் அமர்ந்திருப்பதன் காரணம் அதுதான். அரசாணை பிரித்தது, யாத்திரிகர்கள் இன்றும் சாலையைக் கடந்து இரண்டையும் வணங்குகிறார்கள்.

எங்கள் குழுவின் இந்தத் துண்டு இங்கே முடிந்தது. தொகுஷிமா நகரப் பேருந்துக்குக் காத்திருக்கையில் சென்தாத்சு அடுத்த துண்டின் தேதிகளைச் சொன்னார்: அக்டோபர் இரண்டாம் வாரம், பதினான்காவது ஜோராகுஜியிலிருந்து. செவிலியர் பெண்ணும் நானும் உடனே பெயர் கொடுத்தோம். ரயில்வேக்காரர் வரமாட்டார். அக்டோபரில் அரிதாக்காரர்களைப் போலத் தன் ஊர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கமோஜிமா பக்கம் ஒரு வாரம் பந்தல் போட்டுத் தேநீர் கொடுக்கப் போகிறாராம். மலையேறுவதற்கு முந்தின மாலை எந்த இடத்தில் பந்தல் போட்டால் யாத்திரிகருக்கு உதவியாக இருக்கும் என்று சென்தாத்சுவிடம் விசாரித்து, வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தார். பேருந்து வந்துவிட்டது. பேச்சை முடிக்காமலே இருவரும் ஏறி, பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தொடர்ந்தார்கள்.